ஹெட்லைட் எரிய வேண்டிய நேரம்

"லைட் லேட்டு. இன்னொரு தடவை போ" என்றாள் அம்மா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அம்மா குப்புறப் படுத்திருந்தாள். முழங்கையெல்லாம் புழுதி. அவளுக்கு நேர் எதிரே அப்பாவின் டாக்ஸி நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு சாய்வுப் பலகை. மகள் ஸ்கேட்போர்டில் வேகமாக வந்து, பலகையில் ஏறி, பானட்டுக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அவள் அந்தரத்தில் இருக்கும் நொடியில், காருக்குள் உட்கார்ந்திருக்கும் அப்பா ஹெட்லைட்டைப் போட வேண்டும். அம்மா படம் எடுப்பாள். அவ்வளவுதான் வேலை.

மகளும் சளைக்காமல் பறந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் சக்கரம் தடால் என்று தரையைத் தொட்ட பிறகுதான் லைட் எரிந்தது.

ஸ்கேட்போர்டு பத்திரிகை ஒன்று போட்டி வைத்திருந்தது. ஒரே படத்தில் காரும் ஸ்கேட்போர்டும் இருக்க வேண்டும். ஜெயிப்பவருக்குப் பெரிய பயிற்சி முகாமில் இடம். இன்று இருட்டுவதற்குள் படம் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்தை விட்டுவிடுவதில்லை என்று அவள் காலையிலேயே கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். வெயிலோ கிடங்குச் சுவரில் ஏறி, கூரையைத் தொட்டுவிட்டது.

அப்பாவைப் பார்த்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளே, அன்றைக்கே அவர் சொல்லிவிட்டார், இனி இவள் குதிக்கிற பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. போட்டிகளுக்கு டாக்ஸியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார், அப்படியே திரும்பிப் போய்விடுவார். அவள் வாங்கிய கோப்பைகளை அவர் பார்த்திருக்கிறார், வாங்கியதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் வலித்துக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு வந்ததுகூடக் காருக்காகத்தான் என்று நினைத்தாள். அவரிடம் டாக்ஸி சாவியைக் கேட்பதும் உயிரைக் கேட்பதும் ஒன்று. அதனால்தான் தானே வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் ஒவ்வொரு முறை இறங்கியதும் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"எங்கயும் படலையே?"

"உங்க காருக்கு ஒண்ணும் ஆகலப்பா. நேரா முன்னாடிதானே உட்கார்ந்திருக்கீங்க, பார்த்தா தெரியாதா?"

அவர் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொழுது விடிந்தால் பொழுது போனால் ஸ்டியரிங் பிடிக்கிற மனிதர், எதிரே ஒரு பூனை வந்தால்கூட லைட் அடித்து நிறுத்துகிறவர், பெற்ற பெண்ணுக்கு மட்டும் நேரத்துக்கு லைட் போடமாட்டேன் என்கிறாரே. பேசாமல் லைட்டை எரியவிட்டே எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா மசியவில்லை. எரிந்துகொண்டே இருந்தால் படம் சப்பென்று போய்விடும், அவர்தான் நேரம் பார்த்துப் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் கெடுபிடியும் கொஞ்சமா? முதல் தாவல் முடிந்து மகள் தண்ணீர் குடிக்கப் போனபோது சும்மா போனை நோண்டிக்கொண்டிருந்தவள், மகள் திரும்பி வந்ததும் காருக்குள் இருக்கும் சின்ன விளக்கைப் போடச் சொன்னாள். பிறகு முன் கண்ணாடியைத் தானே போய்ப் பளபளவென்று துடைத்தாள்.

"அம்மா, இது உன் ஸ்டூடியோவுல எடுக்கற பாஸ்போர்ட் போட்டோ இல்ல. நான் பறக்கறதை எடு."

"எனக்குத் தெரியும். நீ போய் நில்லு."

வெயில் கூரையை விட்டு நழுவியது. இனி ஒரு தாவலுக்குத்தான் வெளிச்சம் தாங்கும். அவள் நேராகக் கார் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தாள்.

"அப்பா, இதுதான் கடைசி. நான் சரியா தாண்டிடுவேன். லைட் வரலைன்னா எனக்கு முகாம் இல்ல. இப்ப எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் தூரமாகப் போய் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். காலால் உந்தினாள். பலகை அதிர்ந்தது. பானட் கீழே போனது. உச்சியில், அவள் கால்களுக்கு அடியில், ஹெட்லைட் இரண்டும் குப்பென்று எரிந்தன.

"வந்துடுச்சு" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

மகளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஓடி வந்து, உடனே போட்டிக்கு அனுப்பச் சொன்னாள்.

"அது எப்பவோ போயாச்சு" என்றாள் அம்மா, முழங்கைப் புழுதியைத் தட்டியபடி. "நீ தண்ணி குடிக்கப் போனப்பவே போன்ல ஏத்தி அனுப்பிட்டேன். முதல் தாவலே அம்சமா இருந்துச்சு. அதுக்கு லைட்டே தேவைப்படல."

"அப்ப இவ்வளவு நேரம் என்னை எதுக்கு நாயா அலையவிட்ட?"

அம்மா கேமராவை நீட்டி, அதற்குப் பிறகு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினாள். எல்லாவற்றிலும் மேலே அவள் பறந்துகொண்டிருந்தாள். கீழே, துடைத்த கண்ணாடிக்குப் பின்னால், சின்ன விளக்கின் வெளிச்சத்தில், ஒரு கை லைட் சுவிட்சிலும் ஒரு கை நெஞ்சிலுமாக அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் மட்டும் அவர் கண்கள் அகலத் திறந்து, மேலே அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கண்ணு மூடின படத்தை நான் இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல" என்றாள் அம்மா.