கவிழ்ந்து பழகிய கயாக்

கயாக் என்ற அந்த ஒற்றை ஆள் படகு, மீன் பிடிக்கப் போகிறோம் என்ற ஆசையோடு கடலுக்கு வந்தது. ஆனால் அதை வாங்கிய பிரிசில்லா, தூண்டிலைக் கரையிலேயே விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் அதை வேண்டுமென்றே கவிழ்த்தாள். பிறகு நிமிர்த்தி, தட்டுத்தடுமாறி ஏறினாள். மறுபடியும் கவிழ்த்தாள்.

“என்னை அவளுக்குப் பிடிக்கலை போல,” என்று கயாக் துடுப்பிடம் கலங்கியது.

“பிடிக்கலைன்னா தினமும் ஏன் வர்றா?” என்றது துடுப்பு.

பல நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் காலையில் தூண்டிலையும் கயாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கரையை விட்டுச் சற்று விலகியதும், பக்கவாட்டில் வந்த அலை எல்லோரையும் புரட்டிப் போட்டது.

“ஐயோ, அவ போயிட்டாளா?” தண்ணீருக்குள் தொங்கிய தூண்டில் அலறியது.

“இரு, இப்ப வருவா பாரு,” என்றது கயாக்.

லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து வந்த பிரிசில்லா கயாக்கை நிமிர்த்தினாள். அவள் ஏறி முடிக்கும்வரை அது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் கிடந்தது.

அவள் இருமிக்கொண்டே அதன் முதுகைத் தட்டினாள். “சமத்துடா நீ.”

அன்று ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. கயாக் அதைக் கவனிக்கவே இல்லை.