பூவராகனை அடிக்க வந்தவள்

"தோல் செருப்பு வேணாம்ண்ணே. ரப்பர் செருப்பா எடுத்துக்குங்க" என்று ரத்தினம்மாள் பையைப் பிரித்து நீட்டினாள். பை நிறையப் பழைய செருப்புகள். எல்லாம் கழுவித் துடைத்தவை.

தேவநாதன் இரண்டை எடுத்துக்கொண்டார். சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நாடகம் தொடங்கக் காத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த இந்த அம்மாள் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் கொள்கை ஒத்துப்போய்விட்டது, அது போதாதா?

'அல்லிக்குளத்து அம்மா' என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நாடகமாக்கி, கடலூர்க் குழு ஒன்று ஊர் ஊராகக் கிளம்பியிருந்தது. ஜமீன்தார் பூவராகன், கண் தெரியாத தாயை எட்டி உதைத்து வீட்டைவிட்டுத் துரத்துவானே, அந்தப் படம். புவனகிரியில் உரக்கடை வைத்திருக்கும் தேவநாதனுக்கு அது படமில்லை, குலதெய்வம். அதைக் கெடுப்பவனை அவர் சும்மா விடுவாரா?

"எங்க ஊரு டூரிங் கொட்டாயில அந்த ஒதைக்கிற சீனுக்கு எம்மாஞ் செருப்பு பறக்கும் தெரியுமா? திரையே கிழிஞ்சு போயி வேற மாத்துனாங்க. வில்லன்னா அவரு வில்லன்!"

"இந்த ஆளு எப்படியாம்?" என்று ரத்தினம்மாள் மேடைப் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

"ஐயே, கேக்காதம்மா! பண்ருட்டியில போட்டப்ப என் மச்சான் போயிருந்தான். இவன் ஒதைக்கக் காலத் தூக்குனதும் ஜனம் சிரிச்சிடுச்சாம். இத்தினி வருஷமா தபால்காரன், சேவகன்னு வந்துட்டுப் போனவனாம். அவனுக்குப் போயி பூவராகன் வேஷம்!"

"இன்னிக்கும் சிரிச்சாங்கன்னா வேஷத்தப் புடுங்கி பாண்டிச்சேரி ஆளு ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்களாம். குழு நடத்துற ஞானசேகரன் கண்டிஷனா சொல்லிட்டாரு."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"பஸ்ல பேசிக்கிட்டாங்க."

"அப்ப நாம ரெண்டு போட்டு இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவோம்!" தேவநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவர் மனைவி குணசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். "கோயில் ஊருக்கு வந்துட்டு செருப்பும் கையுமா உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?" சொல்லிவிட்டுத் தனக்கும் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்வரிசை, பின்வரிசை என்று பார்க்காமல் ரத்தினம்மாள் எல்லோருக்கும் பிரசாதம் மாதிரி வழங்கினாள். ஒரே ஒரு நிபந்தனைதான். "நெஞ்சுக்குக் கீழ அடிங்க. மூஞ்சில பட்டா போலீஸ் கேஸாயிடும்."

வழக்கம்போல கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்ட பிறகு திரை விலகியது. அம்மா வந்தாள், பாடினாள், கூட்டம் உச்சுக் கொட்டியது. அப்புறம் பூவராகன் வந்தான். மீசை மட்டும்தான் வில்லத்தனமாக இருந்தது. அதன் கீழே இருந்த முகம், பந்தியில் "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" என்று விசாரிக்கிற முகம்.

"பாத்தியாம்மா லட்சணத்த!" என்றார் தேவநாதன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ரத்தினம்மாள். அவள் கண் மேடையை விட்டு நகரவில்லை.

அந்தக் காட்சி வந்தது. தாய் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். பூவராகன், கோலத்தை மிதித்துவிடுவோமோ என்று பயப்படுகிறவன் மாதிரி காலைத் தூக்கினான். மூலையில் ஒருத்தன் களுக்கென்றான். இன்னொருத்தனும் சேர்ந்துகொண்டான். மேடையில் தூக்கிய கால் அப்படியே நின்றது, அந்த மனிதன் முகம் செத்துப்போனது.

ரத்தினம்மாள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

"அடப்பாவி! பெத்தவளையா ஒதைக்கிற? நீ உருப்படுவியாடா, நாசமாப் போறவனே!"

முதல் செருப்பு அவன் முழங்காலில் விழுந்தது. அடுத்தது தேவநாதனுடையது, அதற்கடுத்தது குணசுந்தரியுடையது. பிறகு மண்டபமே எழுந்துகொண்டது. பையிலிருந்து கிடைக்காதவர்கள் காலில் கிடந்ததைக் கழற்றினார்கள். சிரித்த மூலையிலிருந்துகூட ஒரு ஜோடி பறந்து வந்தது.

பூவராகன் ஒரு கணம் திகைத்தான். அப்புறம் அவனுக்கு என்ன ஆனதோ, சால்வையை உதறித் தோளில் போட்டான். "போடீ வெளியே!" என்று கத்தி ஒரு உதை விட்டான் பாருங்கள், ஒலிபெருக்கியே கீச்சிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு கிழவி அவன் கட்டையில் போக வேண்டுமென்று வாய்விட்டுச் சாபம் கொடுத்தாள். அதற்குப் பிறகு கடைசிக் காட்சி வரைக்கும் அவன் தலை தெரிந்தாலே மண்டபம் பல்லைக் கடித்தது.

நாடகம் முடிந்ததும் ஞானசேகரன் மைக்கைப் பிடித்தார். "பாண்டிச்சேரியும் வேணாம், பாரீசும் வேணாம்! இனிமே எல்லா ஊர்லயும் நம்ம சபாபதிதான் பூவராகன்!"

தேவநாதன் தொப்பென்று உட்கார்ந்தார். "அட கெரகமே! இத்தினி அடி வாங்குனவனையே வெச்சுக்கிறாங்களே, இவனுங்களுக்குப் புத்தி இருக்கா?"

திரும்பிப் பார்த்தால் ரத்தினம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதம்மா. அடுத்த வாரம் சேத்தியாத்தோப்புல போடுறாங்களாம், அங்க வெச்சு இன்னும் நல்லாக் குடுப்போம். ஆமா, அந்தாளு மேல உனக்கு அப்படி என்னம்மா கோவம்?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஊட்டுக்காரரு கெட்டவருன்னு இன்னிக்கித்தாண்ணே நாலு பேரு நம்புனாங்க!"