மறுபடியும் ஒரு புகார்

"சார், மறுபடியும் அந்த வெல்டர் மேல புகார். விடிய விடியத் தனக்குத்தானே பேசிக்கிட்டு நடந்தானாம். இன்னிக்கு யாரையாவது அடிச்சிடுவானாம்."

போனை வைத்துவிட்டுக் குமாஸ்தா சொன்னதும் நன்னடத்தை அதிகாரி கையிலிருந்த கோப்பை மூடினார்.

மனநோய் முற்றிய வேளையில் ஒரு கடைக்காரரின் கையை உடைத்துவிட்டு உள்ளே போனவன் வெல்டர். ஒழுங்காக மாத்திரை சாப்பிட வேண்டும், மாதாமாதம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி வெளியே விட்டிருந்தார்கள். இவனால் இனி ஆபத்து உண்டா என்று முன்கூட்டியே கணிப்பது அதிகாரியின் வேலை. ஜோசியர் சொன்னது தப்பினால் சிரித்து மழுப்பலாம். இவர் சொன்னது தப்பினால் யாராவது செத்துப்போவார்கள்.

"யார் பேசினது?"

"பேர் சொல்ல மாட்டேங்கிறார் சார். போன தடவை பேசின அதே குரல்தான்."

போன தடவையும் அடித்துப்பிடித்து ஓடி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் அவனை அடக்க முடிந்தது.

"இனிமே தாங்காது. திரும்ப உள்ளே அனுப்பிட வேண்டியதுதான்."

ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். வழியெல்லாம் போலீஸ்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தார்.

வெல்டர் வாடகைக்கு இருந்த வீட்டில் மாடிப்படியை வீட்டுக்கார அம்மா மறித்தாள். "என்ன, போலீசோட வந்திருக்கீங்க?"

"நீங்கதானேம்மா போன் பண்ணீங்க?"

"நான் எதுக்குப் பண்றேன்? வாசல் கேட்டு உடைஞ்சு கிடந்தப்போ தானா வந்து வெல்டு வெச்சுக் கொடுத்த பிள்ளைங்க அது."

"ராத்திரியெல்லாம் ஒரே பேச்சாமே?"

"கீழ இருக்கிற எனக்கே கேக்கல. அக்கம்பக்கத்துல ரெண்டு வீடும் பூட்டிக் கிடக்கு. வேற யாருக்குக் கேட்டுச்சாம்?"

அதிகாரி படியேறினார்.

கதவு திறந்தே கிடந்தது. சுத்தியலும் இரும்புக் கம்பிகளும் அறைக்கு வெளியே, எட்டாத தூரத்தில் கிடந்தன. வெல்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"உன்னை உள்ளே தள்ளணும்னே யாரோ விடாம புகார் பண்றாங்கப்பா. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அவன் நிமிரவில்லை.

"நான்தான் சார் பண்ணேன். 'மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க'ன்னு உங்க ஆபீசுக்கு வந்து கெஞ்சினப்போ, கையெழுத்துத் தேதிக்கு வாடான்னு விரட்டிட்டீங்க. ஆபத்தான ஆளுன்னு சொன்னாதான் சார், நீங்க வர்றீங்க."