செவ்வந்தியின் பரீட்சை

"பிசியோ உதவியாளர் பரீட்சை நெருங்குது மாமா. கையக் குடுங்க, பாடத்தப் பாத்துடறேன்," என்று பாயில் உட்கார்ந்தாள் செவ்வந்தி.

"ஒம் படிப்புக்கு என் கைதான் கெடைச்சுதா?" என்று முணுமுணுத்தாலும் மாமனார் கோபால்சாமி வலது கையைக் கொடுத்தார்.

"மூளையில இடது பக்கம் ரத்தக் குழாய் அடைச்சா வலது கை இறுகும்," என்று வாய்விட்டுப் படித்தபடி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள்.

பாடம் முடிந்து வெளியே வந்தவளிடம் கணவன் அசோக்குமார் கேட்டான்: "நீ பாசாயி ஒரு மாசம் ஆவுது. இன்னும் இன்னா பரீட்சை?"

"மெதுவா பேசுங்க. வாதம் வந்த கைக்கு வைத்தியம்னா மாமா ஒத்துக்க மாட்டாரு, ஆஸ்பத்திரிக்குன்னு மலைய வுட்டு எறங்கவும் மாட்டாரு. என் படிப்புக்குன்னாதான் கையக் குடுக்கறாரு."

உள்ளிருந்து கோபால்சாமியின் குரல் வந்தது. "நீ பாசானது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. என் கை மறுபடி துரட்டிக் கோலு புடிச்சி மரத்துல புளி உலுக்க வேணாமா? நாளைக்கும் பொஸ்தகத்த எடுத்துக்கினு வா."