குளத்திலிருந்து வரும் தடங்கள்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த ஆண்டு காஜா பேராங்கில் மழை அதிகம். பெய்யும்போதெல்லாம் துரை பங்களாவின் நீச்சல் குளம் வழிந்தது. மழை விட்டதும் தோட்டக்காரன் ஜெயபாலன் மிஞ்சிய நீரைத் திறந்துவிட்டு, வலையால் இலைகளை அரித்தெடுத்து, குளோரின் தூள் போடுவான். அவன் மனைவி கமலவேணி வராந்தாவைத் துடைப்பாள்.

அன்றும் குளத்தங்கரையிலிருந்து வராந்தா வழியாக அவர்களுடைய அறை வாசல்வரை ஈரக் காலடிகள் வந்திருந்தன. இரண்டு பாதமும் நன்றாக ஊன்றி நடந்த ஒரு சிறுமியின் காலடிகள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது, அவர்கள் மகள் சுலோசனாவுக்கு இருப்பதைப் போலவே. ஆனால் இளம்பிள்ளை வாதம் வந்தபிறகு சுலோசனாவின் இடது கால் தரையில் ஊன்றியதே இல்லை.

"துரை வந்திடுவாரு லா, சீக்கிரம் தொடச்சிடு," என்றான் ஜெயபாலன்.

"இருங்க. பிள்ள பார்க்கட்டும்."

சுலோசனா தவழ்ந்து வந்தாள். இடது காலைக் கையால் தூக்கி ஈரத்தடத்தின்மேல் வைத்தாள்.

"எனக்குப் பெருசும்மா."

கமலவேணி குனிந்து பார்த்தாள். பாதத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது.

"அடுத்த வருஷம் சரியா இருக்கும்," என்றாள். தடங்களைத் துடைக்காமலே கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள்.