மரத்தில் கட்டிய செருப்பு

புதுசாக வாங்கிய வீட்டுத் தோட்டத்தில் பேர் தெரியாத மரம் ஒன்று நின்றது, கண்ணுகளா. பூக்கும், காய்க்காது. ரோஷம் வந்து காய்க்கட்டும் என்று மாமியார் கோமதி அதில் பிஞ்ச செருப்பைக் கட்டிவிட்டாள். அது, பிள்ளையில்லாத மருமகள் வடிவு போட்டுத் தேய்ந்த செருப்பு.

“தை வரைக்கும் பார்ப்பேன்டி. அப்புறம் மரத்துக்குக் கோடாலி, உனக்கு அம்மா வீடு.”

தைக்கு நாலு நாள் இருக்கும்போது நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். இலையைக் கசக்கி முகர்ந்து, பூவைப் பிரித்துப் பார்த்தார்.

“ஜாதிக்காய்ம்மா. இது ஆண் மரம். நூறு செருப்பு கட்டினாலும் காய்க்காது.”

கல்யாணமான ஏழு வருஷத்தில் முதல்முறையாக வடிவு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் போனதும் கோமதி கிசுகிசுத்தாள். “இது என் மகன் காதுக்குப் போகக்கூடாது.”

பிறகு, தளர்ந்திருந்த செருப்பை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினாள்.