தறிக்குழி மேசை

"பதினோரு மணிக்கு டைல்ஸ் ஷோரூம்காரன் அட்வான்ஸோட வரான். அதுக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லிடும்மா" என்றார் பாண்டியன்.

ஜீவிதா வரைபடத்தை டீப்பாயின்மேல் விரித்தாள்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாண்டியனுக்கு ஒரு மனை இருந்தது. அதில் ஓட்டல் வைக்க வேண்டும் என்பது மகன் விமல்ராஜின் ஆசை. டைல்ஸ் ஷோரூமுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். ஜீவிதா கட்டட வடிவமைப்பாளர். தனியாக எடுத்திருக்கும் முதல் வேலை இது. ஐயம்பேட்டையில், பாண்டியன் வீட்டுக் கூடத்தில், அவர் தலையாட்டினால்தான் அது கட்டடம். இல்லையென்றால் வெறும் காகிதம்.

விமல்ராஜ் சுவரோரம் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசல்ல ரெண்டு சிங்கத் தூணு வருதா?" பாண்டியன் கேட்டார்.

"வராது சார்."

"கோபுரம்?"

"அதுவும் இல்ல. கோபுரம் பார்க்கணும்னா கோயிலுக்குப் போவாங்க. நம்மகிட்ட சாப்பிட வராங்க."

"காஞ்சிபுரம் மாதிரி கட்டப் போறோம்னு இவன் சொன்னானே?"

"காஞ்சிபுரம் மாதிரிதான் சார். நடுவுல சமையல்கட்டு. அதைச் சுத்திப் பிரகாரம். எடம் கெடைக்கிற வரைக்கும் வாசல்ல நிக்க வேணாம், சுத்தி நடக்கலாம். தோசை ஊத்தறது நாலு பக்கமும் தெரியும்."

"அடுப்புதான் மூலவரா?"

"ஆமா சார்."

"அப்போ மாஸ்டரு குருக்களு. தட்டுல காசு போடணுமா?"

"டிப்ஸ் போடுவாங்க சார்."

பாண்டியன் சிரிக்கவில்லை. மீசை மட்டும் அசைந்தது.

"கூரையில ஏம்மா தொறந்து வச்சிருக்கற?"

"வெளிச்சத்துக்கு. நெசவு வீட்டுல நூலோட நெறம் பார்க்க மேலருந்துதான் வெளிச்சம் விடுவாங்க. எலையில ஊத்தற சாம்பாரும் அப்படித் தெரியணும்."

"நேத்து வச்ச சாம்பாரா இருந்தா?"

"அதுவும் தெரியும். அதனால வைக்க மாட்டீங்க."

அவர் வரைபடத்தின்மேல் விரலை ஊன்றினார். "இது இன்னாது, தரையெல்லாம் பள்ளம்?"

"தறிக்குழி சார். தறியில உக்காந்தா கால் குழிக்குள்ள தொங்கும். தறி இருக்கிற எடத்துல நான் மேசை போடறேன். அவ்ளோதான்."

"துட்டு குடுத்து சாப்பிட வரவன் குழியில எறங்குவானா? தரையில உக்காரணும்னா எனக்கே முட்டி மடங்காது."

"மடக்கவே வேணாம் சார். அதுக்குத்தான் குழி. உங்க இடது முட்டிக்கு சேரைவிட இது சொகமா இருக்கும்."

பாண்டியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். விமல்ராஜ் இருமினான்.

"தண்ணி குடிப்பா" என்றார், மகன் பக்கம் திரும்பாமல்.

அவர் மனைவி பெரியநாயகி காப்பியோடு வந்தாள். காலையிலேயே பட்டுப் புடவை கட்டியிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டும் போகவில்லை. கணவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எந்தப் பக்கம்மா?"

"பிள்ளையார்பாளையம்மா. அப்பா பேரு வீரபாகு. வீட்டுல ரெண்டு தறி ஓடுது."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி."

"ஓட்டலு கிச்சனெல்லாம் வரையிறியே, சமைப்பியா?"

"வராதும்மா. வரையத்தான் வரும்."

"இதாவது உண்மையச் சொல்லுது" என்றாள் பெரியநாயகி, கணவரிடம்.

பாண்டியன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மழ பெஞ்சா குழியில தண்ணி நிக்கும்."

"நிக்காது சார். ரோட்டவிட மூணடி ஒசரத்துலதான் தரையே வருது."

"இவ்ளோ சொல்லியும் நான் ஒத்துக்கலன்னா?"

"வேற மாதிரி வரைஞ்சி எடுத்துக்கினு வருவேன். நீங்க ஒத்துக்கிற வரைக்கும் வருவேன். ஆனா குழியை மட்டும் எடுக்க மாட்டேன்."

பாண்டியன் காப்பியைக் குடித்து முடித்தார்.

"விமலு, டைல்ஸ்காரனுக்குப் போன் போடு. வர வேணாம்னு சொல்லு."

விமல்ராஜின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

ஜீவிதா வரைபடத்தைச் சுருட்டினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். மத்ததெல்லாம் விமல்ராஜ் சார்கிட்ட பேசிக்கிறேன்."

"விமல்ராஜ் சாரு!" என்றார் பாண்டியன். "உக்காரும்மா. ஓட்டலு பேசி முடிஞ்சிது."

பெரியநாயகி உள்ளே போய் வந்தாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், இரண்டு முழம் மல்லிகை.

"இன்னைக்கு அமாவாசை" என்றார் பாண்டியன். "நெசவுக்காரங்க தறியில உக்கார மாட்டாங்க, உங்கப்பா வீட்டுலதான் இருப்பாரு. அதுக்குன்னுதான் உன்ன இன்னைக்கு வரச் சொன்னேன். இப்பவே போயி சம்பந்தம் பேசிட்டு வந்துடட்டுமா, இல்ல நீயும் அவனும் இன்னும் கொஞ்ச நாளைக்கு யாரோ எவரோன்னு நடிச்சிக்கினு இருக்கப் போறீங்களா?"